தாங்கி விளையாட்டு

காலை எட்டு நாற்பதுக்கு ஆதிரனின் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும். அந்தப் பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்லை. ஆதிரனையும் பார்த்ததில்லை. ஆனால் மணி அடிப்பது எனக்குத் தெரியும். வலது காதுக்குப் பின்னால் எலும்புக்குள் யாரோ விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டுவார்கள். அதன் பிறகு ஒரு இரைச்சல் ஏறும். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். பதினொன்றேகாலுக்குக் கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல எரியும். அவன் வெயிலுக்குப் போயிருக்கிறான். மத்தியானம் ஒன்றரைக்கு நெற்றியில் ஒரு கனம் வந்து உட்காரும். அது கணக்குப் பாடம் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அவனுக்கு எட்டு வயது. காரில் போகும்போது பிரேக் அடித்ததில் முன் இருக்கையில் தலை மோதியிருக்கிறது. மண்டை உடையவில்லை, ரத்தம் வரவில்லை, மயக்கம்கூட இரண்டு நிமிஷம்தான். லேசான அடி. லேசான அடிபட்ட பிள்ளைகளுக்காகத்தான் எங்களை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

உப்பளத்தில் உப்பு சுமக்க பெல்ட் வந்த வருஷம் அது. பாத்தியிலிருந்து உப்பைக் குவிக்கும் அம்பாரம் வரை பெல்ட் ஓடியது. எங்கள் காலனியில் மட்டும் அறுபது பெண்கள் வீட்டில் உட்கார்ந்தோம். அப்போதுதான் தூத்துக்குடியில் அடிபட்ட பிள்ளைகளுக்கான அந்த மையத்தைத் திறந்தார்கள். ஆள் எடுக்க வந்த மேனேஜர், "தலையில பாரம் தாங்கிப் பழகினவங்கதான் எங்களுக்கு வேணும்" என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வேலை கொடுக்கிறவர் சிரித்தால் சிரிக்க வேண்டும்.

மையத்து நர்ஸ் எஸ்தர் சிஸ்டர்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. கறுப்புத் துணிப் பட்டை, உள்ளே ஒரு ரூபாய்க் காசு அளவில் எட்டு வில்லைகள். பிள்ளை தலையில் ஒன்று, எங்கள் தலையில் ஒன்று.

"அடிபட்ட பிள்ளையோட மூளைக்கு வடிகட்டத் தெரியாமப் போயிடுது," என்றார். "நமக்கு ஃபேன் சத்தம் காதுல விழுறதே இல்லை. அதுங்களுக்கு அது மண்டைக்குள்ள ஓடும். வெளிச்சம் குத்தும். ரெண்டு வரி படிச்சா களைச்சுடும். முன்னெல்லாம் ஓய்வு குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா பழக்கி, மாசக் கணக்குல காத்திருக்கணும். இப்போ அந்த வடிகட்டுற வேலையை நாப்பது நாள் நீங்க பாப்பீங்க. பிள்ளை பள்ளிக்கூடம் போகும், விளையாடும். உள்ள மூளை ஆறிக்கிட்டு இருக்கும்."

"அது நெனைக்கிறதெல்லாம் எங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா. அதோட தலை எதைத் தாங்க முடியாம திணறுதோ அது மட்டும் வரும். என்னன்னு தெரியாது. எவ்வளவுன்னு தெரியும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொர்ணக்கா, "வண்டி வண்டியா உப்பு செமந்தாச்சு. ஒரு சின்னப் புள்ள மண்டைக்குள்ள அப்படி என்னத்த இருந்துறப் போவுது" என்றாள். மூன்றாம் நாள் அவள் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

தாங்கி என்று எங்களுக்குப் பெயர் வந்தது. பட்டை போட்டிருக்கும் நாற்பது நாளும் வண்டி ஓட்டக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது, கூர்மையான எதையும் கையாளக் கூடாது. சொன்னது மறந்துபோகும், கை தவறும். ஆபீஸ் போகிற தாய் தகப்பன்களுக்கு இது சரிப்படாது. அதனால்தான் நாங்கள்.

பகல் முழுக்க மையத்தில் திரை போட்ட ஹாலில் கட்டிலில் படுத்திருப்போம். இருபத்திரண்டு பேர். நல்ல வேளையில் பேச்சு ஓடும்.

"என் புள்ள டிரம் கிளாசுக்குப் போவுதுடி," என்பாள் சொர்ணக்கா. "மண்டையில அடிபட்டும் அடங்கல, விளங்காதது. செவ்வாயும் வியாழனும் எனக்கு எழவு வீடுதான்."

"டிரம்முன்னு நீ எப்படி கண்ட? சுத்தியல் வேலை பாக்குதோ என்னமோ."

"பணக்கார வீட்டுப் புள்ள சுத்தியலத் தொடுமாட்டி?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவோம், பட்டையோடு. பிள்ளை தூங்கும்வரை பாரம் உண்டு. வீட்டை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் ஜன்னலுக்குச் சாக்கு கட்டினேன். டிவி கிடையாது. மிக்சி கிடையாது. என் வீட்டுக்காரர் பொன்னுலிங்கம் லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர், வாய் பெரிது. அவரே என் முன்னால் சைகையில் பேசப் பழகினார். எங்கள் மகள் வேணிக்கு ஒன்பது வயது. நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் அவள் பாடுவதை நிறுத்துவாள். தட்டை மெதுவாக வைப்பாள். சத்தம் கேட்டுவிட்டால் நான் கத்துவேன். அடித்ததும் உண்டு. பொறுத்துக்கொள்ள முடியாத நேரம் அது. ஆதிரன் வீட்டில் அந்த நேரத்தில் ஏதோ ஓடும், சினிமாவோ விளையாட்டோ. அவன் சிரிக்கட்டும் என்று நான் என் பிள்ளை வாயை அடைத்தேன்.

ஆதிரன் எனக்கு மூன்றாவது பிள்ளை. அதாவது, மூன்றாவதாகத் தாங்கிய பிள்ளை.

காலனிப் பிள்ளைகள் எங்களைப் பார்த்து ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தார்கள். ஒருத்தி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிச் சுவரோரம் உட்கார வேண்டும். மற்றவர்கள் அவள் காதோரம் தட்டைத் தட்டுவார்கள், ஊளையிடுவார்கள், கண்ணாடியை வைத்து முகத்தில் வெயிலை அடிப்பார்கள். அசையாமல் இருந்தால் அவள் நல்ல தாங்கி. முகம் சுளித்தால் அவுட். நான் ஒருமுறை வேணி அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் துண்டைப் பிடுங்கிக் காதைத் திருகினேன். "அம்மையக் கேலி பண்ணியா விளையாடுத? நான் படுத பாடு ஒனக்கு விளையாட்டா?"

ஆதிரனைத் தாங்கத் தொடங்கிய பத்தாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். வேணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு. கண்ணை மூடியிருந்தாள்.

"ஏட்டி."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "வெளிச்சம் குத்துதும்மா. மெல்லப் பேசு" என்றாள்.

அது நான் தினமும் சொல்லும் வார்த்தை. என் தொனியிலேயே சொன்னாள். கை ஓங்கிவிட்டேன். அவள் குனிந்துகொண்டாள், அடி தோளில் விழுந்தது. துண்டை அவிழ்த்தேன். "போ. வெளியில போய் வெயில்ல நில்லு. நடிப்பெல்லாம் அப்புறம்" என்று பிடித்துத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். எங்கள் வாசலுக்கு எதிரே வடக்கும் மேற்கும் அளம்தான். சாயங்கால வெயில் பாத்தித் தண்ணீரில் பட்டு அடிக்கும். நல்ல கண்ணுக்கே கூசும். அவள் அங்கே எவ்வளவு நேரம் நின்றாள் என்று நான் பார்க்கவில்லை. ஆதிரன் வீட்டில் அன்று ஏதோ விசேஷம். எட்டரை மணிவரை என் தலையில் இடி.

மறுநாளும் அவள் துண்டு கட்டியிருந்தாள். அதற்கு மறுநாள் கட்டவில்லை. எனக்குப் பிடிக்காது என்று தெரிந்துகொண்டாள்.

பத்தொன்பதாம் நாள் காலையிலேயே மையத்துக்கே போன் வந்தது. வேணியின் டீச்சர், ரெஜினா.

"பிள்ளைக்கு வீட்ல ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டார். "ஒரு வாரமா ஒரே வரியை ரெண்டு தடவை எழுதுறா. பெல் அடிச்சா காதைப் பொத்துறா. இன்னைக்கு வாந்தி எடுத்துட்டா. எங்கயாவது விழுந்தாளாம்மா?"

"இல்லியே டீச்சர்."

"அவகிட்ட கேட்டேன். தண்ணி லாரியில தலை இடிச்சதுன்னு சொல்லுதா. போன வாரமாம்."

ஆட்டோவில் போகும்போது கேட்டேன். புதன்கிழமை தண்ணி லாரி வரும். குடத்தோடு ஓடியவர்கள் சேற்றில் வழுக்கியிருக்கிறார்கள். இவள் பின்மண்டை லாரியின் இரும்புப் படியில் அடித்திருக்கிறது.

"எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?"

"ஒனக்கு தலைவலிச்சுது."

அவ்வளவுதான் சொன்னாள். குறை சொல்வதுபோலவும் சொல்லவில்லை.

பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, எலும்பில் கீறல் இல்லை, லேசான அடி என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தோடு நான் நேராக எஸ்தர் சிஸ்டரிடம் போனேன். சிஸ்டர் வேணியின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், மாதங்களின் பெயரைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். ஆகஸ்டில் நின்றுவிட்டாள்.

அவளை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு வந்து சிஸ்டர் கதவை மூடினார்.

"ஒன்பது நாள் ஆச்சுக்கா. முதல் ரெண்டு மூணு நாள்தான் முக்கியம். சும்மா வச்சிருந்திருக்கணும். இவ பள்ளிக்கூடம் போயிருக்கா, ஓடியிருக்கா, வெயில்ல நின்னிருக்கா."

வெயிலில் நிறுத்தியது நான் என்று சொன்னேன். அடித்ததையும் சொன்னேன். துண்டு கட்டியது விளையாட்டு என்று நினைத்ததைச் சொன்னபோது சிஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இவளுக்குப் பட்டை போடலாமா சிஸ்டர்?"

"அடிபட்டு பதினாலு நாளைக்குள்ள ஆரம்பிக்கணும். வேற ஆள்னா தலை ரெண்டும் பொருந்தவே அஞ்சு நாள் ஆகும், அதுவும் காலியா தாங்கி யாரும் இல்லை. பெத்தவங்கன்னா ஒரே நாள்ல பொருந்திடும். அவங்க அப்பா?"

"அவியளுக்குச் சின்ன வயசுல இருந்து வலிப்பு உண்டு."

"அப்போ முடியாது."

"நான் இருக்கேன்லா."

"உங்க தலையில ஆதிரன் இருக்கான். ஒரு தலைக்கு ஒரு பிள்ளைதான்."

"கழத்துனா?"

"இருபத்தோரு நாள் பாக்கி இருக்கு. திடீர்னு கழட்டினா இதுவரைக்கும் நீங்க தாங்கினது மொத்தமும் அவன்மேல விழுந்த மாதிரி ஆகும். முன்னால இருந்ததைவிட மோசமாப் போகும்." பிறகு சிஸ்டர் சொன்னார்: "பட்டை இல்லாமலும் வேணிக்குச் சரியாகும்கா. பழைய முறையில. நல்லாத் தூங்கணும். கொஞ்ச நேரம் படிப்பு, கொஞ்ச நேரம் ஓய்வு. தலைவலி வந்தா நிறுத்திடணும், மறுநாள் திரும்ப ஆரம்பிக்கணும். டீச்சர்கிட்ட நான் பேசுறேன். மூணு மாசம் ஆகலாம், ஆறு மாசம்கூட ஆகலாம். யாராவது பொறுமையா கூடவே இருக்கணும். அவ்வளவுதான்."

அந்த வார்த்தையை நான் அன்று காதில் வாங்கவில்லை. எனக்குப் பொறுமை தேவைப்படவில்லை, பாரம்தான் தேவைப்பட்டது. செய்ததற்கு ஈடாக ஏதாவது ஒன்றை என் தலையில் ஏற்ற வேண்டும். சுமந்து பழகியவளுக்கு வேறு வழி தெரியாது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதெல்லாம் எங்களுக்கு வேலையே இல்லை.

ஆதிரனின் தாயார் வெள்ளிக்கிழமைதோறும் மையத்துக்கு வந்து அறிக்கை வாங்குவார். துறைமுகத்தில் பெரிய வேலை. தாங்கிகள் வீட்டாரைப் பார்க்கக் கூடாது என்பது விதி. அன்று வெள்ளிக்கிழமை. நான் கார் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். என் தலையிலிருந்த பட்டையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்கதானா?" என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. "ரொம்ப நல்லா இருக்கான். போன வாரம் பேச்சுப் போட்டியில பேசினான்."

செவ்வாய்க்கிழமை, பத்து மணி. எனக்கு அது தெரியும். அன்று ஹால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். "மேடம், நீங்க வாங்கிக்கிட்டா முடியும். பெத்தவங்களுக்கு ஒரே நாள்ல பொருந்திருமாம். என் தலையில இருந்து ஒங்க தலைக்கு மாத்திக் குடுத்துருவாவ. இருபது நாளுதான்."

அவர் கார்க் கதவில் சாய்ந்துகொண்டார்.

"முதல்ல நான்தான் போட்டேன், தெரியுமா? அவன் தலை இடிச்சது நான் ஓட்டின கார்ல. போன்ல பேசிக்கிட்டே ஓட்டினேன். நானே தாங்குறேன்னு சொல்லித்தான் வாங்கிட்டுப் போனேன். ரெண்டு நாள். அவன் படியில இறங்கினா எனக்குத் தெரியுது. ஸ்பூன் கீழ விழுந்தா தெரியுது. நான் பண்ணினது நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியுது. மூணாவது நாள் கழட்டிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேற என்ன வேணும்னாலும் செய்றேன். உங்க பொண்ணுக்குப் பெரிய டாக்டரைப் பார்ப்போம், செலவு என்னோடது. இது மட்டும் முடியாது. மன்னிச்சுடுங்க."

கார் போன பிறகு நெற்றியில் கனம் வந்து உட்கார்ந்தது. ஒன்றரை மணி. ஆதிரன் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.

வீட்டுக்காரருக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை.

"அது ஊரான் புள்ள. இது நம்ம புள்ள. கழத்திப் போடுட்டி."

"அந்தப் பய தலை கெட்டுப்போவும்ங்க."

"அந்தப் பயலுக்கு டாக்டரு இருக்கு, ஏசி ரூமு இருக்கு, கும்பிடுத தாயி இருக்கு. இவளுக்கு யாரு இருக்கா? நீயும் கண்டவன் வீட்டுப் புள்ளைக்கு மண்டையக் குடுத்துட்டுப் படுத்துக் கெடக்க."

"மெல்லப் பேசுங்க. அவ தலை வலிக்கும்."

"இப்பத்தான் ஒனக்கு அது தெரியுதா?"

வேணி உள்ளே படுத்திருந்தாள். கேட்டிருக்கும்.

மறுநாள் எஸ்தர் சிஸ்டரிடம் போய் நின்றேன். நான் எதுவும் கேட்கவில்லை. அவரே, "கடைசிப் பத்து நாள் எப்படியும் கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். அதை முன்னாடியே ஆரம்பிச்சு அஞ்சு நாள்ல முடிச்சா, வேணிக்குப் பதினாலாவது நாள் போட்டுடலாம்" என்றார்.

"அந்தப் பையனுக்கு?"

"மோசமாப் போகாது. முழுசாவும் ஆறியிருக்காது. என்ன பாக்கி நிக்கும்னு சொல்லத் தெரியலைக்கா."

"அவங்க அம்மைட்ட?"

"தாங்கிக்குக் காய்ச்சல்னு எழுதுறேன்." பிறகு, "வீட்டை அமைதியா வச்சுக்கோங்கன்னு உங்களுக்குச் சொன்னது நான்தான். வீட்ல பிள்ளை இருக்கான்னு கேட்டுட்டா சொன்னேன்?" என்றார்.

அந்த ஐந்து நாளும் ஆதிரன் என் தலையிலிருந்து இறங்கினான். மணி அடிப்பது இரண்டு தட்டிலிருந்து ஒரு தட்டானது. கண்ணில் மணல் குறைந்தது. ஐந்தாம் நாள் காலை எட்டு நாற்பதுக்கு நான் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்காமல் இருந்திருக்காது. யார் தலைக்குள் அடித்தது என்று எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானமே வேணிக்குப் பட்டை போட்டார்கள். ராத்திரி அவள் தூங்கிய பிறகு பொருந்திவிட்டது.

நான் பெரிதாக எதிர்பார்த்திருந்தேன். மூன்று பிள்ளைகளைத் தாங்கியவள். பதினான்கு நாள் தாமதமான தலையில் எவ்வளவு இருக்கும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு படுத்தேன். காலையில் வேணி எழுமுன்பே, அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு மையத்துக்குப் போனேன். அவள் பள்ளி மணி வந்தது, ஆதிரனுடையதில் பாதி. வெயில் வந்தது, கொஞ்சம் எரிச்சல். மத்தியானம் நெற்றியில் கனம், தூக்கிவிடலாம். சாயங்காலம் அவள் வீடு திரும்பியதும் அதுவும் இறங்கிவிட்டது. சொர்ணக்காவிடம், "என் புள்ள கெட்டிக்காரி. இவ்வளவுதான் இருக்கு" என்றேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

ஆறு மணிக்குக் காலனிக்குள் நுழைந்தேன். தலை லேசாக இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

பின்மண்டையில் இடி விழுந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன். காதடைத்தது. மூச்சு நின்று திரும்பியது. விழுந்துவிட்டாளோ என்று பதறி, "வேணி" என்று கூப்பிட்டேன். அதற்கும் மேல் இன்னொன்று.

அவள் விழவில்லை. பாயில் உட்கார்ந்து வெண்டைக்காயை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வந்துட்டியாம்மா" என்றாள்.

பட்டை சரியில்லை என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான். அடுத்து வந்தது ஞாயிறு. வீட்டிலேயே இருந்து சோதித்துப் பார்த்தேன். அவள் அப்பாவை உரக்கப் பேசச் சொன்னேன். அவர் லாரி செட்டில் பேசுகிற குரலில் பேசினார். ஒரு சின்ன அதிர்வு, அவ்வளவுதான். மிக்சியை ஓட்டச் சொன்னேன். தாங்கலாம். அடுப்படியில் பாத்திரம் உருண்டது. தாங்கலாம். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன், எழுந்ததற்கே வந்தது. நான் கையைத் தூக்கித் தலைமுடியை ஒதுக்கினேன், கண் இருட்டிவிட்டது. அவளோ தலையைக்கூடத் தூக்காமல் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை எஸ்தர் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் திரையில் கோடுகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"மிஷின்ல கோளாறா சிஸ்டர்?"

"இல்லைக்கா."

"அடியால வந்ததா?"

"அடியால வந்தது பகல்ல வருதே, அதுதான். அது இறங்கிக்கிட்டு இருக்கு. சாயங்காலம் வர்றது வேற." அவர் கோட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க வந்தா அவ தலை காவலுக்கு நிக்குது. சத்தம் வந்துடக் கூடாது, அசைஞ்சுடக் கூடாதுன்னு. அடிபடுறதுக்கு முன்னாடியே இருந்திருக்கும். பழக்கம்."

"இது எத்தனை நாளுல எறங்கும்?"

"பட்டை இதுக்கு இல்லைக்கா."

பட்டையைத் தடவிப் பார்த்தேன். பிறகு நான், "அப்போ இதக் கழத்திருங்க. ஆதிரனுக்குத் திரும்பப் போட்டுரலாம்லா?" என்று கேட்டேன்.

"அவனுக்கு நாள் தாண்டிப்போச்சு," என்றார் சிஸ்டர்.

ஆதிரனைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சத்தம் போட்டுப் படிக்கும்போது வார்த்தை நடுவில் நின்றுவிடுகிறதாம். பேச்சுப் போட்டிக்கு அவன் பேரைக் கொடுக்க வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். அவன் தாயார் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டு அவனோடு உட்கார்ந்து படிக்கவைக்கிறாராம். எனக்குப் பழங்கள் கொடுத்தனுப்பினார், காய்ச்சல் சரியாகிவிட்டதா என்று கேட்டு. அதைச் சொர்ணக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

வேணியோடு மீதி நாட்களை எப்படிக் கழித்தேன் என்று சொல்ல அதிகம் இல்லை. ஜன்னல் சாக்கை அவிழ்த்துவிட்டேன். சாயங்காலம் தெருமுனையிலிருந்தே, "வேணி, அம்ம வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு நடந்தேன். திடீரென்று வந்து நின்றால் அதிகம் விழுந்தது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவள் பாத்திரத்தைக் கீழே போட்டால் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததற்கும் இடி விழுந்தது, எப்போது திறப்பேனோ என்று. ஒருநாள் அவள் அப்பா சொன்ன கதைக்கு உரக்கச் சிரித்துவிட்டு, சட்டென்று என்னைப் பார்த்து வாயைப் பொத்தினாள். அந்த ஒன்றுக்கு நான் வாளியைத் தேடிப் போனேன்.

"மன்னிச்சுக்கோட்டி" என்று ஒருமுறை சொன்னேன். அதற்கும் வந்தது. அவளுக்கு அதுவும் ஒரு சத்தம்தான்.

முப்பதாம் நாளுக்கு மேல் கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தது. குறைந்ததா, நான் பழகிவிட்டேனா என்று சொல்ல முடியாது. பாரத்தில் அப்படித்தான்.

நாற்பதாம் நாள் சிஸ்டர் பட்டையை அவிழ்த்தார். வேணியை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நின்றாள். மாதங்களைப் பின்னாலிருந்து ஜனவரிவரை சொன்னாள். "பிள்ளை தேறிட்டா. இனி அடுத்த பிள்ளைக்கு நீங்க தயாரா?" என்று கேட்டார். வழக்கமாகக் கேட்கும் கேள்வி. நான் பெல்ட் ஓடும் அளத்தில் கூட்டித் துப்புரவு செய்யும் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன் என்றேன்.

"சிஸ்டர், இத நான் வச்சுக்கிடலாமா? இன்னும் கொஞ்ச நாளைக்கு?"

"எதுக்குக்கா?"

"நான் போம்போது அவளுக்கு எம்புட்டு வருதுன்னு தெரியணும்லா."

சிஸ்டர் பட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். விதி அது.

அன்று சாயங்காலம் நான் தெருமுனையில் குரல் கொடுத்தேன். வாசலுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றினேன். என் தலையில் ஒன்றும் இல்லை. காலி. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு வீட்டின் சத்தம் வெறும் சத்தமாகக் கேட்டது. வேணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் கதவருகே நின்று அவள் முகத்தையே பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன். பென்சில் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். பென்சில் நின்றிருந்தது.

"என்னம்மா பாக்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. வலிக்குதா?"

"இல்லியே" என்று சிரித்தாள்.

அவள் என்னிடம் எப்போதும் அப்படித்தான் சொல்லுவாள். நான் உள்ளே போகாமல், அவள் பென்சில் மறுபடி நகரும்வரை அங்கேயே நின்றேன்.